அரசரின் நாடி பிடித்தவர்களும் குழாயடியில் கிடந்த மாத்திரைகளும்

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். குறிப்பாகப் பெண்பிள்ளைகளை வைத்திருக்கும் உம்மாமாரும் வாப்பாமாரும் கடைசிவரை வாசிக்க வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை. பாடசாலைப் பிள்ளைகளுக்கு வாரம் ஒன்று கொடுக்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையை நமது வகுப்பிலும் கொடுத்தோம். எல்லாப் பிள்ளைகளும் கையை நீட்டி வாங்கினார்கள். இடைவேளை முடிந்து போய்ப் பார்த்தால், தண்ணீர்க்குழாயடியில் 11 மாத்திரைகள் கிடந்தன. சில பாதி கரைந்து, சிமெந்தில் கறை பிடித்திருந்தது.

யார் போட்டது என்று நாம் அதட்டவில்லை. ஏன் போட்டீர்கள் என்று மட்டும் கேட்டோம். நெடுநேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பின் ஒரு பிள்ளை மெதுவாகச் சொன்னாள்: "அதக் குடிச்சா பொறகு புள்ள கெடைக்காதாம் டீச்சர்."

காலைக் கூட்டத்தில் இரண்டு தடவை மயங்கி விழுந்த பிள்ளை அவள். உதடும் நகமும் வெளிறிப்போய் இருப்பாள். அன்று பின்னேரம் அவளுடைய உம்மாவைச் சந்தித்தோம். மாத்திரையைப் பற்றி விளங்கப்படுத்தினோம். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"எங்கட கடய எரிச்சது எங்கட சாப்பாட்டுல மாத்திர ஈக்கிண்டு செல்லித்தானே டீச்சர். இப்ப அவங்க தார மாத்திரய நாங்க எப்பிடி நம்புற?"

அந்த இடத்தில் நம்மிடம் பதில் இருக்கவில்லை. பயிற்சிக் கல்லூரியில் இதற்குப் பதில் கற்றுத்தரவில்லை. வீட்டுக்கு வந்து பல நாள் யோசித்தோம், வாசித்தோம். அவருக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

*அரண்மனை மருந்து வீடு*

கண்டி முஸ்லிம்களாகிய நாம் கல்யாண வீட்டிலும் மேடையிலும் அடிக்கடி சொல்லும் ஒரு பெருமை இருக்கிறது: "நம்முடைய மூதாதையர் கண்டி அரசனுக்கு வைத்தியம் பார்த்தவர்கள்." சொல்கிறோமே தவிர, அதன் பாரத்தை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அப்போது கண்டியில் ஆண்ட செனரத் மன்னன் அவர்களுக்கு இடம் கொடுத்தான். ஏறத்தாழ 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று போர்த்துக்கேயக் குறிப்புகளே கூறுகின்றன. மலைநாட்டுக் கிராமங்களிலும் நம்மவர்கள் காலப்போக்கில் வேரூன்றினார்கள். கண்டி அரசில் இருப்பதென்றால் சும்மா இருக்க முடியாது. நிலம் பெற்றவர் அதற்கு ஈடாக அரசனுக்கு ஊழியம் செய்ய வேண்டும். அதை ராஜகாரிய என்றார்கள். நம்மவர்களில் பலர் மடிகே பிரிவில் சேர்ந்து தவளம் மாடுகளில் பாக்கையும் மிளகையும் கரைக்குக் கொண்டுபோய், உப்பையும் கருவாட்டையும் மலைக்குக் கொண்டுவந்தார்கள்.

இன்னும் சிலருக்கு வேறு ஊழியம் இருந்தது. அரண்மனையில் 'பெஹெத்கே' என்றொரு பகுதி இருந்தது. 'பெஹெத்' என்றால் மருந்து, 'கே' என்றால் வீடு. அரசருக்கும் அரச குடும்பத்துக்கும் மருந்து தயாரித்த இடம் அது. அதிலே முஹாந்திரம் பதவி வரை உயர்ந்த முஸ்லிம் வைத்தியர்கள் இருந்தார்கள். அவர்களுள் பெயர்பெற்றது கேகாலைப் பக்கத்துக் கோபால குடும்பம். வைத்தியதிலக ராஜகருணா கோபால முதலியார் என்பது அக்குடும்பத்துக்கு அரசர் வழங்கிய நீண்ட பட்டப்பெயர். முஸ்லிம் வைத்தியருக்குக் கோபால என்று பெயரா என்று இன்றைய பிள்ளைகள் ஆச்சரியப்படுவார்கள். கண்டி முஸ்லிம்கள் பலருடைய குடும்பப் பெயர் இன்றும் 'கெதர' என்றுதானே முடிகிறது? அரசன் கொடுத்த பெயரை வைத்துக்கொண்டே அவர்கள் பாங்கு கேட்டுத் தொழுதார்கள். இந்த வரலாற்றை விரிவாக எழுதியவர் ஒரு சிங்களப் பேராசிரியை, லோனா தேவராஜா. இலங்கை முஸ்லிம்களின் ஆயிரமாண்டு வரலாற்றைப் பற்றிய அவருடைய நூல் 1994இல் வந்தது.

கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் 1747 முதல் 1782 வரை ஆண்டவர். மதுரைப் பக்கத்து நாயக்கர் வம்சத்தவர். பௌத்த நாட்டின் அரசராக இருந்தாலும், வெளியூர்க்காரர், வேறு பழக்கவழக்கக்காரர் என்று அவர்மீது அதிருப்தி கொண்ட பிரபுக்கள் இருந்தார்கள். 1760இல் அவரைக் கொலைசெய்யச் சதித்திட்டம் ஒன்று உருவானது. அந்தச் செய்தியை அரசருக்கு எட்டவைத்தவராக வரலாற்றில் குறிப்பிடப்படுபவர் யார் தெரியுமா? அரண்மனைச் சேவையிலிருந்த கோபால முதலியார், ஒரு முஸ்லிம்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. வாளை உருவிக்கொண்டு வருபவனைக் காவற்காரன் தடுப்பான். மருந்துச் சிரட்டையை நீட்டும் கையை யாரும் தடுக்க முடியாது. நோய்வாய்ப்பட்ட அரசன் தன் கையை நீட்டி நாடியைக் காட்டுகிறான், கொடுத்த கஷாயத்தை வாங்கிக் குடிக்கிறான் என்றால், அந்த வைத்தியரிடம் தன் உயிரையே கொடுக்கிறான். நாயக்கர் குலத்து அரசன், பௌத்த இராச்சியம், முஸ்லிம் வைத்தியர். மூவகைப் பின்னணியும் அந்த ஒரு சிரட்டையில் சந்தித்தன.

எல்லா நாட்டிலும் இப்படி நடக்கவில்லை. பாரசீகத்தில் ரஷீதுத்தீன் பழ்லுல்லாஹ் என்ற பேரறிஞர் இருந்தார். மங்கோலிய அரசர்களின் வைத்தியர், பின்னர் வஸீர், உலக வரலாறு எழுதியவர். யூதக் குடும்பத்தில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவியவர். சுல்தான் ஒல்ஜாய்து இறந்தபின், நீதான் அவருக்கு நஞ்சு கொடுத்தாய் என்று குற்றஞ்சாட்டி 1318இல் அவரைக் கொன்றார்கள். ஆகவே, மருந்து கொடுத்தவர்மீது வதந்தி கிளம்புவது நம் ஊரில் மட்டும், நம் காலத்தில் மட்டும் நடந்த காரியமல்ல.

*குறையைக் கண்டறிந்த விதம்*

அந்த ரஷீதுத்தீனை இங்கே இழுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1313 அளவில், தப்ரீஸ் நகரில் இருந்துகொண்டு, சீன வைத்திய நூல்களைப் பாரசீகத்தில் மொழிபெயர்க்க ஏற்பாடு செய்தவர் அவர். 'தன்ஸூக்நாமா' என்பது அந்த நூலின் பெயர். நாடி பார்க்கும் சீன முறை அதில் விளக்கப்பட்டிருக்கிறது. மறுபக்கம், முஸ்லிம் வைத்தியர்களின் மருந்து முறைகள் சீன மொழியில் 36 பாகங்களாகத் தொகுக்கப்பட்டன. அவற்றில் 4 பாகங்கள் மட்டும் பீஜிங்கில் எஞ்சியிருக்கின்றன. நமது தீவும் இந்தப் பாதையில்தான் இருந்தது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். 1409ஆம் ஆண்டுத் திகதியிட்ட அவருடைய கல்வெட்டு காலியில் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகளில் எழுதப்பட்ட அந்தக் கல் இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது.

நம் வைத்தியர்கள் கற்றது யூனானி. ஹிப்போக்ரட்டீஸ், கலன் என்ற கிரேக்கரிடமிருந்து வந்து, அரபியில் வளர்ந்து, இப்னு ஸீனாவின் (980–1037) 'கானூன்' நூலில் முழு உருவம் பெற்ற முறை. உடலில் இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்ற நான்கும் சமநிலையில் இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு 'மிஸாஜ்', அதாவது உடல்வாகு உண்டு. அது சூடாகவோ குளிராகவோ, ஈரமாகவோ வரண்டதாகவோ சாயலாம். நம் மூத்தம்மாமார் இன்றும் "அது சூடு, இது குளிர்" என்று சொல்வது வெறும் வாய்ப்பேச்சல்ல, ஒரு நீண்ட கல்வியின் மிச்சம். நாடியை மட்டும் பத்து விதமாகக் கவனிக்கச் சொன்னார் இப்னு ஸீனா: எவ்வளவு விரிகிறது, எவ்வளவு பலமாக அடிக்கிறது, எவ்வளவு வேகம், நாளம் மிருதுவா கடினமா, சூடா குளிரா என்று பட்டியல் நீள்கிறது.

சீன வைத்தியரும் இதேபோல நான்கு வழிகளால் நோயை அறிவார்: பார்த்தல், குரலையும் மூச்சையும் கேட்டு மணத்தை அறிதல், நோயாளியிடம் விசாரித்தல், தொட்டு நாடி பிடித்தல். உடலின் 'குறை' என்பது அவர்களுடைய வைத்தியத்தின் முக்கியமான அத்தியாயம். குறையை அவர்கள் நான்காகப் பிரித்தார்கள்.

முதலாவது, உயிராற்றல் குறைவு. சின்ன வேலைக்கே களைப்பு, மூச்சு வாங்கல், ஒடுங்கிய குரல், சும்மா இருக்கும்போதே வியர்த்தல். இரண்டாவது, இரத்தக் குறைவு. வெளிறிய முகம், வெளிறிய உதடு, நகம், நாக்கு, தலைச்சுற்று, நெஞ்சுப் படபடப்பு, பெண்களுக்கு மாதவிடாய் குறைந்துபோதல். மூன்றாவது, குளிர்ச்சியும் ஈரமும் தரும் சக்தி குறைதல். இரவில் உடல் காந்தும், வாய் வரளும், நாக்கு சிவக்கும். நான்காவது, சூடு தரும் சக்தி குறைதல். கை கால் சில்லிடும், நாக்கு வெளிறி ஊதும், நாடி ஆழத்தில் மெதுவாக அடிக்கும்.

இவை ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மருந்து. முதலாவதற்கு ஜின்செங் வேரும் அதிமதுரமும் சேர்ந்த நான்கு சரக்குக் கஷாயம். இரண்டாவதற்கு வேறு நான்கு வேர்கள் சேர்ந்த இன்னொரு கஷாயம். மூன்றாவதற்கு ஆறு சரக்கு உருண்டை. இந்த உருண்டையின் கதை ஓர் ஆசிரியருக்குப் பிடித்த கதை. பெரியவர்களுக்கான பழைய எட்டுச் சரக்கு உருண்டை ஒன்று ஏற்கனவே இருந்தது. சியன் யீ என்ற குழந்தை வைத்தியர், பிள்ளைகளின் உடலுக்கு இவ்வளவு சூடு ஆகாது என்று அதிலிருந்த கறுவா உட்பட இரண்டு சூட்டுச் சரக்குகளை எடுத்துவிட்டார். 1119இல் வெளிவந்த அவருடைய நூலில் அது இருக்கிறது. பெரியவருக்குக் கொடுப்பதைச் சின்னதாக்கிப் பிள்ளைக்குக் கொடுப்பதல்ல வைத்தியம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அவர்களிடம் ஒரு கண்டிப்பும் இருந்தது. குறை இருந்தால்தான் ஊட்ட வேண்டும். மிகை இருக்கும் உடலுக்கு ஊட்டமருந்து கொடுத்தால் நோய் முற்றும். யூனானியும் அதையேதான் சொல்கிறது: முதலில் உணவு, பிறகு மருந்து, எல்லாவற்றுக்கும் முன்னால் ஆளை அறிதல். இன்று வட்ஸ்அப்பில் "சீன மூலிகை, அரபு மூலிகை, எல்லா பலவீனத்துக்கும் ஒரே பவுடர்" என்று விளம்பரம் வருகிறது. அதைக் காசு கொடுத்து வாங்குகிறோம். நாடியும் பார்க்காமல் நாக்கும் பார்க்காமல், ஒரு கேள்வியும் கேட்காமல் விற்கப்படும் அந்தப் பவுடருக்கும் பெஹெத்கே வைத்தியருக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

*நம் தீவின் பெயரைத் தாங்கிய ஒரு நோய்*

முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்கள் எதுவரை வந்தார்கள், எங்கே நின்றார்கள் என்பதற்கு ஓர் உதாரணம்.

7ஆம் நூற்றாண்டில் சுன் ஸிமியாவ் என்ற சீன வைத்தியர் வாழ்ந்தார். மாலைக்கண் நோய்க்கு ஈரலைக் கொடுத்தார். கழுத்துக் கழலைக்குக் கடற்பாசி கொடுத்தார். காலில் தொடங்கி உடலைப் பலமிழக்கச் செய்யும் ஒரு நோய்க்குத் தவிடு சேர்ந்த கஞ்சி கொடுத்தார். ஈரலில் விற்றமின் ஏ இருப்பதோ கடற்பாசியில் அயடின் இருப்பதோ அவருக்குத் தெரியாது. எந்த ஆளுக்கு எதைக் கொடுத்தால் எழும்புகிறான் என்று பார்த்துப் பார்த்து எழுதிவைத்தார்.

அந்தக் கால் நோயின் உலகப் பெயர் பெரிபெரி. அது சிங்களச் சொல்லிலிருந்து வந்ததென்று ஆங்கில அகராதிகள் காட்டுகின்றன. நமது அயலவர் தினமும் சொல்லும் 'பெரி' தான் அது. இயலாது என்று பொருள். "இயலாது, இயலாது." எழும்பி நிற்க முடியாதவன் சொல்லும் சொல்லே நோயின் பெயராகிவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையில் வேலைசெய்த பிரித்தானியப் படை வைத்தியர்களும் இதைப் பற்றி எழுதினார்கள்.

காரணம் தெரிய இன்னும் பல ஆண்டுகள் எடுத்தன. 1890களில் ஜாவாவில் எய்க்மன் என்ற ஒல்லாந்த வைத்தியர், தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதையும் தவிடு நீக்காத அரிசி கொடுத்தால் தேறுவதையும் கண்டார். அதற்காக 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தவிட்டில் இருந்தது தயமின் என்ற விற்றமின் பி1. சுன் ஸிமியாவ் சரியான கஞ்சியைக் கொடுத்தார். ஏன் சரியென்று சொல்ல ஆயிரத்து இருநூறு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

நமது மலைநாட்டுக்கும் இப்படியொரு கதை உண்டு. ஈரவலயத்தில் அயடின் குறைவால் கழுத்துக் கழலை பரவலாக இருந்தது. பழைய புகைப்படங்களில் முக்காட்டுக்குக் கீழே வீங்கிய கழுத்தோடு நிற்கும் மூத்தம்மாமாரைப் பார்த்திருப்பீர்கள். 1995இல் உப்பில் அயடின் சேர்ப்பது சட்டமானது. அந்த உப்பை நாம் எல்லோரும், சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று பாராமல், ஒரே கடையில் வாங்கி ஒரே மாதிரிச் சாப்பிட்டோம். ஒருவரும் சந்தேகப்படவில்லை. இன்று நமது வகுப்புகளில் அந்தக் கழுத்தைக் காண்பது அரிது.

*மாவுக்கட்டியும் மாத்திரையும்*

இப்போது அந்த உம்மாவின் கேள்விக்கு வருவோம்.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் சாப்பாட்டில் கிடந்த ஏதோ கட்டியைக் காட்டி, இது 'வந்த பெத்தி', மலடாக்கும் மாத்திரை என்றார்கள். கடையை உடைத்தார்கள். பள்ளிவாசலைத் தாக்கினார்கள். பிறகு அரச பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்ததில் அது வெறும் மாவுக்கட்டி என்று தெரிந்தது. அறிக்கை வருவதற்குள், மார்ச் முதல் வாரத்தில், திகனையும் தெல்தெனியவும் அக்குறணையும் எரிந்துவிட்டன. மார்ச் 6இல் அவசரகாலச் சட்டம் வந்தது. அந்த நாட்களை உங்களுக்கு நாம் விவரிக்கத் தேவையில்லை. இதை வாசிக்கும் பலர் அந்த இரவுகளில் பிள்ளைகளோடு விளக்கை அணைத்துவிட்டு இருந்தவர்கள்.

250 வருடத்துக்கு முன் இதே மலைநாட்டில் அரசன் முஸ்லிம் வைத்தியர் கொடுத்த மருந்தைக் குடித்தான். நமது காலத்தில் முஸ்லிம் கடையில் கிடந்த மாவுக்கட்டிக்கு ஊர் பயந்தது. இதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. அந்த உம்மாவின் கோபம் நியாயமானது. அதைக் குறைத்துச் சொல்ல நாம் யார்?

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். "அதக் குடிச்சா புள்ள கெடைக்காது" என்பது எந்த வதந்தி? நமக்கு எதிராகச் சொல்லப்பட்ட அதே வதந்திதான். ஒரு சொல்லும் மாறவில்லை. நம் கடையை எரித்த பொய்யை நாமே எடுத்து, நம் பிள்ளையின் காதில் சொல்லி, அவளுடைய மருந்தைக் குழாயடியில் கொட்டவைத்திருக்கிறோம். அந்தப் பொய் முதல் தடவை நம் சொத்தை அழித்தது. இரண்டாவது தடவை நம் பிள்ளையின் இரத்தத்தில் கைவைக்கிறது. இந்தத் தடவை அதற்கு வழி விட்டது நாம்.

அந்த மாத்திரையில் இருப்பது இரும்புச்சத்தும் போலிக் அமிலமும். பக்கத்துச் சிங்களப் பாடசாலையிலும் தமிழ்ப் பாடசாலையிலும் அதே மாத்திரைதான். நமக்கென்று தனியாக ஒன்று வருவதில்லை. கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் கொடுப்பதும் இதே இரண்டு சத்துக்கள்தான். பிள்ளை கிடைக்காமல் செய்யும் மருந்தையா பிள்ளை வயிற்றில் இருக்கும்போது கொடுப்பார்கள்? உம்மாமாரே, நீங்களே அதைச் சாப்பிட்டுத்தானே இந்தப் பிள்ளைகளைப் பெற்றீர்கள்?

*இன்று என்ன செய்யலாம்*

நாம் வைத்தியரல்ல, ஆசிரியர். ஆனாலும் தினமும் ஆறு மணித்தியாலம் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பவர்கள். பழைய வைத்தியரின் நான்கு வழிகளில் பார்த்தலும் கேட்டலும் விசாரித்தலும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் இயலும்.

கீழ் இமையை மெதுவாக இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் சிவப்பாக இல்லாமல் வெளிறியிருக்கிறதா? மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? முன்பு கெட்டியாகப் படித்த பிள்ளை இப்போது மேசையில் தலை சாய்க்கிறதா? மாதவிடாய் அதிகமாகப் போகிறதா என்று உம்மாமார் வெட்கப்படாமல் கேளுங்கள். மகள் தானாகச் சொல்ல மாட்டாள்.

அடுத்தது, நம் முன்னோரிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதுதான் இரத்தப் பரிசோதனை. சீனரின் இரத்தக் குறைவும் இன்றைய இரத்தச்சோகையும் அப்படியே ஒன்றல்ல. நாடி பிடித்து ஹீமோகுளோபின் அளக்க முடியாது. 12 வயதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகளுக்கு ஒரு டெசிலீற்றரில் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தச்சோகை என்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு 11. எல்லா இரத்தச்சோகையும் இரும்புக் குறைவால் வருவதல்ல. பூச்சியாலும் வரும், பரம்பரையாக வரும் தலசீமியாவாலும் வரும். தலசீமியா உள்ளவருக்கு இரும்பைக் கண்டபடி கொடுக்கக் கூடாது. அதனால்தான் கடையில் கேட்டு வாங்காமல், டொக்டரிடம் போகச் சொல்கிறோம். குறையை அறியாமல் ஊட்டாதே என்று சீன வைத்தியர் சொன்னதும் இதைத்தானே?

உணவில் நம் வீட்டு வழக்கம் பெரும்பாலும் நல்லதே. நோன்புக் கஞ்சியில் இறைச்சி சேர்க்கிறோம். காலையில் இலைக்கஞ்சி குடிக்கும் பழக்கத்தை நம் அயலவரிடமிருந்து எடுத்துக்கொண்டோம். பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் காய மருந்தும் கோழிச்சாறும் கொடுக்கிறோம். சீன வீடுகளிலும் பிள்ளை பெற்ற தாயை ஒரு மாதம் வெளியே விடாமல் இஞ்சியும் கோழிச்சாறும் கொடுத்து வைத்திருப்பார்களாம். ஒரு பழக்கத்தை மட்டும் மாற்ற வேண்டும். தேயிலை விளையும் ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்வது கஷ்டம்தான். சோறு சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிப்பதை நிறுத்துங்கள். தேயிலைச் சாயம் உணவிலுள்ள இரும்பை உடலில் சேரவிடாது. ஒரு மணித்தியாலமாவது கழித்துக் குடியுங்கள். கீரையோடு தேசிக்காய் பிழியுங்கள், நெல்லிக்காய் கொடுங்கள். அவை இரும்பு சேர உதவும். மாத்திரையையும் தேத்தண்ணீரோடு கொடுக்க வேண்டாம், தண்ணீரோடு கொடுங்கள். வயிறு கொஞ்சம் புரட்டலாம், மலம் கறுக்கலாம். பயப்பட வேண்டியதில்லை.

இரத்தச்சோகை உள்ள பிள்ளைக்கு டொக்டர் தினமும் மாத்திரை எழுதித் தந்தால், சில வாரங்களில் களைப்புத் தெளிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். இரத்தம் ஏறினாலும் உடலின் சேமிப்பு நிரம்ப மேலும் சில மாதம் வேண்டும்.

சந்தேகம் இருந்தால் கேளுங்கள். குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள், எம்.ஓ.எச். அலுவலகத்தில் கேளுங்கள், மாத்திரைப் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். பாடசாலையும் ஒரு தவறு செய்திருக்கிறது. அதை ஒப்புக்கொள்கிறோம். மாத்திரையைக் கையில் வைத்தோம், அது என்னவென்று பெற்றோருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்டி அரசன் சும்மா நம்பிவிடவில்லை. தலைமுறை தலைமுறையாக அந்த வைத்தியர்களைப் பார்த்துப் பழகியபின்தான் கையை நீட்டினான். நாமும் பெற்றோரிடம் முதலில் போயிருக்க வேண்டும்.

அந்த உம்மாவிடம் மறுபடியும் போனோம். இந்தக் கதையை எல்லாம் சொன்னோம். கோபால முதலியாரைப் பற்றி அவர் கேள்விப்பட்டதில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "முதல்ல ரத்தம் செக் பண்ணிப் பாப்பம் டீச்சர்" என்றார். பார்த்தார். 8.9 இருந்தது. டொக்டர் எழுதிக்கொடுத்த மருந்தை இப்போது அவரே கையால் கொடுக்கிறார். கடை எரிந்ததை அவர் மறக்கவில்லை. மறக்கச் சொல்லி நாமும் கேட்கவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், பழைய பெட்டகத்தில், அரபுத்தமிழிலோ சிங்களத்திலோ எழுதிய வைத்தியக் கைப்பிரதிகள், ஏடுகள், சன்னஸ் பத்திரங்கள் இருந்தால் எரித்துவிடாதீர்கள், பழைய தாளோடு விற்றுவிடாதீர்கள். படம் எடுத்து வையுங்கள். அதிலுள்ள மருந்தைச் செய்து குடிக்கச் சொல்லவில்லை. இந்த மலையில் யார் யாருடைய கையை யார் பிடித்தார்கள் என்பதற்கு அவைதான் சாட்சி.

போன வியாழக்கிழமையும் மாத்திரை கொடுத்தோம். இடைவேளைக்குப் பிறகு குழாயடியில் போய்ப் பார்த்தோம். 4 கிடந்தன. அந்த நான்கு வீட்டுக்கும் இந்தக் கிழமை போகிறோம், இன்ஷா அல்லாஹ்.